மே மாதத்துப் போத்தல்

பிரிக்பீல்ட்ஸ்
3 ஜூன் 2024

மதிப்பிற்குரிய திரு. கொர்னேலியஸ் அவர்களுக்கு,

வணக்கம். நான் பெட்டாலிங் ஜெயா ஆய்வுக்கூடத்து விசாலம். உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால் நன்றி. உங்கள் பழைய போன் எண் வேலை செய்யவில்லை. ஓய்வூதியப் பிரிவில் கேட்டு முகவரி வாங்கினேன்.

டெங்கிலுக்குப் பக்கத்தில் பாயா ரெங்காஸ் கம்பம், அந்தச் சின்ன கிராமம், உங்களுக்கு நினைவிருக்கும். 2017 நிலத்தடி நீர் ஆய்வில் நீங்கள் மாதாமாதம் மாதிரி எடுத்த கிணறுகளில் பதினாலாவது அங்கேதான், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. இந்த வருஷம் அந்தப் பகுதியை மறுபடி ஆய்வு செய்கிறோம். பதினாலாம் கிணற்றிலிருந்து நூறு அடி தள்ளி, ஒரு வீட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் போன வாரம் என் மேசைக்கு வந்தது. ஆர்செனிக் லிட்டருக்கு 0.07 மில்லிகிராம். குடிக்கிற தண்ணீரில் 0.01க்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று முறை திரும்பச் செய்து பார்த்தேன். மாறவில்லை.

2017 மே மாதம் 'கிணறு 14' என்று எழுதி உங்களிடமிருந்து வந்த போத்தலில் 0.06 இருந்தது. அதை நான் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரே ஒரு கேள்விதான். மே 16ஆம் தேதி நீங்கள் அந்தக் கிணற்றுக்குப் போனீர்களா?

இப்படிக்கு,
வே. விசாலம்


கிள்ளான்
11 ஜூன் 2024

மிஸ் விசாலம்,

லெட்டர் கெடச்சுது. நாலு நாளு டிவி மேலயே கெடந்துச்சு.

இந்தக் கேள்விய ஏழு வருஷத்துக்கு முன்ன கேட்டிருக்கணும்லா. உங்க லேப்லேர்ந்து ரெண்டு மாடி எறங்கினா என் மேசை. எறங்கி வந்து, "அண்ணே, இது என்னா?"ன்னு கேட்டிருக்கலாம். அப்பல்லாம் அண்ணேன்னுதான் கூப்பிடுவீங்க. தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொண்டாந்து கொடுப்பீங்க. ஆனா அன்னிக்கு நீங்க எறங்கி வரல. ரிப்போர்ட் எழுதி மேல அனுப்பினீங்க.

விசாரணைக்குக் கூப்பிட்டப்ப என் சம்சாரம் சாந்தமேரிய அடக்கம் பண்ணி பன்னெண்டு நாளு. சட்டையில கறுப்புத் துணி குத்திக்கிட்டுதான் வந்தேன். மூணு பேரு உக்காந்து நீங்க எழுதினத வாசிச்சாங்க. நான் வாயே தொறக்கல. முப்பத்தோரு வருஷம் வேலை செஞ்சவன முன்கூட்டியே ரிட்டயர் ஆயிக்கோன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. என் மகன் மார்க் ஜோகூர்ல இருக்கான். இன்னிக்கும் யாராச்சும் கேட்டா, "எங்கப்பாவ ஆபிஸ்ல அநியாயமா வெளிய தள்ளிட்டாங்க"ன்னுதான் சொல்றான்.

இப்ப உங்க நம்பர் சரியா தப்பான்னு நான் வந்து சொல்லணும், அப்படித்தானே?

இனிமே எழுதாதீங்க.

கொர்னேலியஸ்


பிரிக்பீல்ட்ஸ்
14 ஜூன் 2024

திரு. கொர்னேலியஸ் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். இருந்தும் எழுதுகிறேன். கோபப்படுங்கள், ஆனால் முழுவதும் படியுங்கள்.

அன்று நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். மார்ச் மாதம் பன்னிரண்டாம் கிணற்றுத் தண்ணீருக்கும் பதினாலாம் கிணற்றுத் தண்ணீருக்கும் குளோரைடு, சோடியம், இரும்பு எல்லாமே புள்ளிக்குப் பிறகு வரும் எண் வரை ஒன்றாக இருந்தன. ஏப்ரலிலும் அப்படியே. இரண்டு கிணறுகளுக்கும் நடுவே நாலு கிலோமீட்டர். ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு போத்தலில் பிடித்து வேறு வேறு எண் எழுதினால் ஒழிய அப்படி வராது. இதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மே மாதப் போத்தல் ஒரு நாள் தாமதமாக, ஐஸ் எல்லாம் உருகி வந்தது. அதுவரை அங்கே பார்த்திராத அளவு ஆர்செனிக். லேபிளில் மே 16, காலை 10.20. உங்கள் மனைவி தவறியது அதே நாள், காலை 10.40க்கு, கிள்ளான் ஆஸ்பத்திரியில். அந்த நேரத்தில் நீங்கள் டெங்கிலில் இருந்திருக்க முடியாது என்று நான் முடிவு செய்தேன். வேறு எங்கேயோ பிடித்த தண்ணீர் என்று நினைத்து, அந்தப் போத்தலையும் பொய் என்று எழுதினேன். ஆய்வறிக்கையிலிருந்து பதினாலாம் கிணற்றை எடுத்துவிட்டார்கள். மற்றக் கிணறுகளின் அளவை வைத்து, அந்தக் கம்பத்துத் தண்ணீர் பாதுகாப்பானது என்று வீடுகளுக்கு இலாகா கடிதம் கொடுத்தது.

இப்போது மாதிரி எடுத்தது ஜனனி என்ற புவியியல் அதிகாரி. சின்னப் பெண். அந்த வீட்டு அம்மாவின் பெயர் நல்லம்மாள். அங்கே பைப்புத் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வருமாம். உலை வைப்பதே கிணற்றுத் தண்ணீரில்தான். குடிக்காதீர்கள் என்று ஜனனி வாயால் சொன்னதற்கு, சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்த நம் கடிதத்தைக் காட்டி, "இதுல நல்லாருக்குன்னு போட்டிருக்கே, உங்க முத்திரைதானே?" என்று கேட்டாராம்.

புதிய ஆய்வின் முடிவு வெளிவர வருஷக் கடைசி ஆகும். பழைய கடிதம் தப்பு என்று இலாகாவே சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள். அப்படிச் சொல்ல வைக்க எனக்கு உங்கள் பதில் வேண்டும்.

வே. விசாலம்


கிள்ளான்
26 ஜூன் 2024

மிஸ் விசாலம்,

போன திங்கக்கெழம பாயா ரெங்காசுக்குப் போயிட்டு வந்தேன். உங்களுக்காகப் போகல. மனசு கேக்கல.

நல்லம்மா என்னைப் பாத்த உடனே, "கிணத்துக்காரரே, முடி பூரா வெளுத்துப் போச்சே!"ன்னுச்சு. உக்கார வச்சு கோப்பி கலக்கிக் கொடுத்துச்சு. அந்தத் தண்ணிதான். கோப்பிய நீட்டறப்ப உள்ளங்கையப் பாத்தேன். மொளகு ஒட்ட வச்ச மாதிரி சின்னச் சின்னதா காப்பு காச்சிருக்கு. காலுலயும் இருக்காம். கிளினிக்ல தோலுக்கு ஏதோ மருந்து கொடுத்தாங்களாம், ஆர்செனிக்னால வந்ததுன்னு யாரும் சொல்லல. நான் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. கோப்பியக் குடிச்சிட்டு, "வரேன்மா"ன்னு எந்திரிச்சு வந்துட்டேன். காடியில ஏறி, எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டேன்.

நீங்க கேட்டதுக்கு பதில் சொல்றேன். போனேன்.

மார்ச்சும் ஏப்ரலும் போகல. மேரிக்கு கிட்னி ரெண்டும் போயிருந்த நேரம். பன்னெண்டாம் கிணறு ரோட்டோரம், எறங்கினா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். பதினாலுக்குத் தோட்டத்துக்குள்ள நடக்கணும், அர மணி நேரம் பம்ப் ஓட விடணும். அதனால பன்னெண்டுலயே ரெண்டு போத்தல் ரொப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிருவேன். மேரிகிட்ட அத ஒரு நாளு சொல்லிட்டேன்.

மே பதினாறு காலைல அவ நல்லாவே முழிச்சா. கஞ்சி கூட ரெண்டு வாய் குடிச்சா. "ரெண்டு மாசமா ஏமாத்தறேன்னு சொன்னீங்களே, இன்னிக்காச்சும் ஒழுங்கா போயிட்டு வாங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?"ன்னா. போனேன். ஒழுங்கா பம்ப் ஓட விட்டேன். ஒழுங்கா அளந்தேன். பத்து இருபதுக்கு போத்தல் மூடினேன். செல்போன காடியிலயே வச்சிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா அதுல ஏழு மிஸ்ட் கால்.

மத்தியானம் மார்க் ஜோகூர்லேர்ந்து வந்து எறங்கின ஒடனே கேட்டான். "அப்பா, கூடத்தானே இருந்தீங்க? அம்மா தனியா இல்லல்ல?"

"இருந்தேன்டா"ன்னேன்.

விசாரணைல வாய் தொறந்திருந்தா இதத்தானே சொல்லணும்? மார்க்குக்குத் தெரிஞ்சு போகும். அதனாலதான் சும்மா இருந்தேன். நீங்க என்னைப் பொய்யன்னு எழுதினீங்க. அவ செத்த நேரத்தையே சாட்சியா வச்சு எழுதினீங்க. நான் ஒழுங்கா வேலை செஞ்ச அந்த ஒரு நாள.

இதுக்கு மேல எழுத முடியல.

கொர்னேலியஸ்


பிரிக்பீல்ட்ஸ்
30 ஜூன் 2024

அண்ணே,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. 'திரு' என்று எழுத இன்று கை வரவில்லை.

உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து படித்தேன். அப்புறம் இரண்டு நாள் வீட்டை விட்டு இறங்கவில்லை. எனக்கு யாரும் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. இதைச் சொல்லி அழ எனக்கு ஆள் இல்லை என்பதே இப்போதுதான் தெரிந்தது. என் அண்ணன் வீட்டில் சொன்னால், "வேலை விஷயத்தை ஏன் வீட்டுக்கு எடுத்து வர்றே?" என்பார்கள்.

மே மாதப் போத்தலில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது, அதைத் திரும்ப ஆராய்ந்திருக்கலாம். ஒரு நாள் இலாகா வண்டியைக் கேட்டு நானே அந்தக் கிணற்றுக்குப் போய் இன்னொரு மாதிரி எடுத்திருக்கலாம். மூன்று மணி நேர வேலை. நான் போகவில்லை. இரண்டு முறை ஏமாற்றிய மனிதர் மூன்றாம் முறையும் ஏமாற்றினார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை கூட இருந்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது. உங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வராமல் இருந்ததும் அந்தப் பெருமையில்தான்.

போன வாரம், உங்கள் பதில் வரும் முன்பே, துணை இயக்குநர் சிவநேசனிடம் பேசினேன். "மிஸ் விசாலம், செப்டம்பரில் ரிட்டயர் ஆகப் போறீங்க. புது முடிவு தானா வரும். பழசை ஏன் கிளறணும்?" என்றார். "அந்த அம்மா இன்னைக்கும் அந்தத் தண்ணியிலதான் சோறு வடிக்கிறாங்க சார்" என்றேன். "எழுத்துல ஆதாரம் கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார்.

ஆதாரம் உங்கள் களக் குறிப்பேடு. அதை நீங்கள் திருப்பித் தரவில்லை, தொலைந்துவிட்டது என்று பதிவில் இருக்கிறது. இருந்தால் முழுப் புத்தகத்தையும் அனுப்புங்கள். மே மாதப் பக்கத்தை மட்டும் கிழித்து அனுப்பினால் யாரும் நம்ப மாட்டார்கள். மார்ச், ஏப்ரல் பக்கங்களும் வேண்டும். அவை பொய், இது உண்மை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும். விசாரணைக் குழு கூடினால் அந்தக் காகிதம் பலர் கைக்குப் போகும். மார்க்குக்கும் எப்படியாவது தெரிய வரலாம். அதை மறைத்து உங்களிடம் கேட்க நான் விரும்பவில்லை.

மே போத்தலை ஆராயாமல் தள்ளியது என் தவறு என்று நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அது திங்கட்கிழமை மேலே போகும்.

விசாலம்


கிள்ளான்
20 ஜூலை 2024

விசாலம்,

குறிப்பேடு இதோட வருது. தொலையல. மேரி பீரோவுல அவ சேலைங்களுக்கு அடியில வச்சிருந்தேன். முழுசா இருக்கு, ஒரு பக்கம் கூடக் கிழிக்கல. நீங்க எழுதித் தரச் சொன்ன காகிதமும் இருக்கு. மூணு தடவ எழுதினேன். மொத ரெண்டுல எனக்கு நானே சப்பக்கட்டு கட்டிட்டிருந்தேன், கிழிச்சுப் போட்டேன்.

வேற யார் மூலமாவோ மார்க்குக்குத் தெரியறதுக்குள்ள நானே சொல்லிடணும்னு நேத்து போன் பண்ணினேன். ஒரு வாரமா யோசிச்சு வச்சது ஒண்ணும் வாயில வரல. "மார்க், அம்மா போறப்ப நான் ஆஸ்பத்திரியில இல்லடா. டெங்கில்ல கிணத்துகிட்ட இருந்தேன். அம்மா தனியாத்தான் போனா"ன்னு அப்படியே சொல்லிட்டேன். ஆபிஸ்ல தள்ளினது முழுக்க அநியாயம் இல்லன்னும் சொன்னேன்.

அந்தப் பக்கம், பேரப்பிள்ள ஏதோ கார்ட்டூன் பாத்துக்கிட்டிருந்தது மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "ஓகே, பா"ன்னான். வச்சிட்டான்.

ஞாயித்துக்கெழம எப்பவும் கூப்பிடுவான். நாளைக்கு ஞாயிறு.

கொர்னேலியஸ்


பிரிக்பீல்ட்ஸ்
17 செப்டம்பர் 2024

கொர்னேலியஸ் அண்ணே,

விஷயம் முடிந்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். உங்களை இரண்டு மாதம் தவிக்க விட்டதற்கு மன்னியுங்கள்.

குழுவில் சிவநேசன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இவர் வீட்டில் உட்கார்ந்து எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே" என்றார். ஜனனிதான் உங்கள் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். பிப்ரவரியில் கிணற்றுத் தண்ணீர் தரையிலிருந்து 2.05 மீட்டர் ஆழத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச்சில் 2.05, ஏப்ரலில் 2.06. மே 16 அன்று 3.12. பக்கத்தில், 'பின்னால் மணல் குட்டையில் பம்ப் ஓடுது, சத்தம்' என்று ஒரு வரி.

அந்தக் குட்டையில் மணல் அள்ள அந்த வருஷம் மார்ச் முதல் வாரத்தில்தான் தண்ணீரை இறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதன் உரிமப் பதிவை ஜனனி தேடி எடுத்திருந்தாள். இறைத்ததால் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கி, கீழே களிமண் அடுக்கிலிருந்த பழைய நீர் மேலே இழுக்கப்பட்டிருக்கிறது. ஆர்செனிக் அதோடு வந்தது. "சார், இது அப்போது யாருக்கும் தெரியாது. நேரில் போய் அளந்தவருக்கு மட்டும்தான் 3.12 என்று எழுத முடியும்" என்றாள். மார்ச், ஏப்ரல் பொய் என்பதற்கும் அதே பக்கங்கள்தான் சாட்சி. சிவநேசன் அந்தப் பக்கங்களை மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

பழைய கடிதம் திரும்பப் பெறப்பட்டது. போன வாரம் ஒன்பது வீட்டுக் கிணறுகளுக்கு மூடி போட்டு முத்திரை வைத்தார்கள். பெரிய பைப்பு வரும் வரை லோரியில் தண்ணீர் வரும். எல்லோரையும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார்கள். உங்கள் மீதான பழைய தீர்ப்பு மாறவில்லை அண்ணே. இரண்டு மாதம் பொய் எழுதியது பதிவில் அப்படியே இருக்கிறது. மே மாதம் மட்டும் திருத்தப்பட்டது. என் கோப்பில் கண்டிப்புக் கடிதம் ஒன்று சேர்ந்தது. அதோடுதான் ஓய்வு பெற்றேன்.

கேக் வெட்டினார்கள். அதிகம் பேர் வரவில்லை.

ஓய்வு பெற்று இது பதினோராவது நாள். நேற்று முழுக்க நான் பேசியது ஒருவரோடு மட்டும். கீழே பூக்கடையில் இருக்கும் பையன், "இன்னைக்கு மல்லி வரல, ஆன்டி" என்றான். "பரவாயில்லப்பா" என்றேன். என் ஜன்னலிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்குள் வரும் ரயில்கள் தெரியும். அதில் பாதி கிள்ளான் போகிறது. ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய துக்கத்துக்கு இப்போது வரலாமா என்று கேட்கத் தெரியவில்லை. மார்க் பேசினானா?

விசாலம்


கிள்ளான்
24 செப்டம்பர் 2024

விசாலம்மா,

கெணறு மூடின அன்னிக்கு நானும் போயிருந்தேன். ஆளுங்களுக்குப் பின்னால, தோட்டத்து ஓரமா நின்னேன். நல்லம்மா பாத்துட்டு நேரா என்கிட்ட வந்துச்சு. "ஜூன் மாசம் என் வீட்டுல வந்து உக்காந்தீங்களே, அப்பவே தெரியும்தானே?"

"தெரியும்மா."

"கோப்பி குடிச்சிட்டுப் போனீங்களே. ஒரு வார்த்த சொல்ல வாய் வரலயா? மூணு மாசம் மறுபடி அதத்தானே நான் குடிச்சேன்?"

நீ என் பேச்சைக் கேட்டிருக்க மாட்ட, சுவத்துல அந்தக் காகிதத்த மாட்டி வச்சிருந்தியேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அது சொல்றது சரி. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. திட்டி முடிச்சிட்டு அது வீட்டுக்குள்ள போயிடுச்சு. நான் மூடி போட்டு முடிக்கிற வரைக்கும் வெயில்லயே நின்னுட்டு வந்தேன்.

மார்க் ஒம்பது ஞாயிறு கூப்பிடல. போன சனிக்கெழம சொல்லாம கொள்ளாம காடி வந்து நின்னுச்சு. தனியா வந்திருந்தான். வீட்டுக்குள்ள வந்து அம்மா படத்தப் பாத்தான். என்னை நிமிந்து பாக்கல. "என்ன பேசினாங்க? கடைசியா?"ன்னான். காலைல அவ சொன்னத அப்படியே சொன்னேன். ஏமாத்தறீங்களேன்னு திட்டினதையும் சேத்து. கேட்டுட்டு வெளிய போயிட்டான். சிமெட்ரிக்குப் போயிருக்கான், சாயங்காலந்தான் திரும்பி வந்தான். முழங்கால்ல மண்ணு.

சோறும் கருவாட்டுக் கறியும் வச்சிருந்தேன். ரெண்டு தட்டு போட்டேன். சாப்பிட்டான். நடுவுல ஒரு தடவ, "நர்ஸ் யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களா?"ன்னு கேட்டான். "தெரியலடா. கேக்க பயந்துக்கிட்டு இத்தன வருஷம் கேக்கல"ன்னேன். சோத்தப் பெசஞ்சிக்கிட்டே ரொம்ப நேரம் இருந்தான். அப்புறம் முழுசா சாப்பிட்டு, என் தட்டையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போய்க் கழுவி வச்சான்.

ஞாயித்துக்கெழம காலைல பசியாறாமயே கெளம்பிட்டான். நான் வாசல் கேட்டுகிட்ட நின்னு காடி போறதப் பாத்துக்கிட்டிருந்தேன். மூலையில திரும்பறதுக்கு முன்ன பிரேக் லைட்டு எரிஞ்சுது. அங்க ரோட்டுல ஒண்ணும் இல்ல, மாடு இல்ல, ஆளு இல்ல. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. நான் ரெண்டு எட்டு வச்சேன். அதுக்குள்ள போயிட்டான்.

நீங்க வாங்க. வர்ற ஞாயிறு ஒம்பதர மணி பூசைய மேரி பேர்ல ஒப்புக்கொடுத்திருக்கேன். மாதா கோயிலு, ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரந்தான். எனக்குப் பக்கத்துல எடம் இருக்கும்.

கொர்னேலியஸ்